அய்யா காட்டிய மான வாழ்வு

அய்யா துணை

அன்புக்கொடி மக்களே,

அய்யா வைகுண்டரின் திருவரலாற்றை ஏடுவாசிப்பில் ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகியதாலேயே அதில் ஒரு செய்தி நம் காதைத் தாண்டிப் போய்விடுகிறது. அரசன் மனம் மாறட்டும், சட்டம் மாறட்டும், அதன்பின் வாழத் தொடங்கலாம் என்று அய்யா நம் முன்னோரிடம் சொல்லவில்லை. விடிந்ததும் எழுந்து குளி, உன் துணியை நீயே துவை, உன் தலையில் நீயே துணியைக் கட்டு என்றுதான் தொடங்கினார். கையில் காசும் காணியும் இல்லாதவனுக்கும் அவன் கை இருக்கிறது. அந்தக் கையை அவனுக்கே மீட்டுக் கொடுத்த வரலாறு இது.

பெயர்கூட சொந்தமில்லாத காலம்

அய்யா 1809ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் அரசின் தென்கோடியில், இன்று சாமிதோப்பு என்று நாம் வணங்கும் ஊரில் பிறந்தார். தந்தை பொன்னுமாடன், தாய் வெயிலாள். பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட குடியில் பிறந்தவனுக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் சினந்தார்கள். அஞ்சிய பெற்றோர் பெயரை மாற்றினார்கள். முடிசூடும் பெருமாள் முத்துக்குட்டி ஆனார்.

பெயருக்கே அந்த நிலை என்றால் வாழ்வுக்கு எந்த நிலை என்று எண்ணிப் பாருங்கள். ஆணும் பெண்ணும் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது. செருப்பு அணியக்கூடாது. பொன் நகை பூணக்கூடாது. தலையில் பாகை கட்டக்கூடாது. தலைக்கு ஒரு வரி, தொழிலுக்கு ஒரு வரி. இவை போதாதென்று கூலியில்லாத ஊழியம். பனை ஏறிப் பதநீர் இறக்கியவன் அந்தப் பனைக்கும் வரி கட்டினான். கோயில் தெருவில் நடக்க வழியில்லை, பொதுக்கிணற்றில் நீர் எடுக்க உரிமையில்லை.

இத்தனை ஆண்டுகள் இப்படியே போனபின் மனிதனுக்கு வெளியே உள்ள விலங்கைவிட உள்ளே ஒரு விலங்கு பெரிதாகிவிடுகிறது. நம் விதி இதுதான் என்று அவனே நம்பத் தொடங்குகிறான். அந்த நம்பிக்கையும் கலியின் வேலைதான்.

திருச்செந்தூர்க் கடல்

முத்துக்குட்டியாக வளர்ந்தவர் பனைத்தொழிலும் தோட்டவேலையும் செய்து, திருமாலம்மாளோடு குடும்பம் நடத்தினார். இருபத்திரண்டு வயதளவில் கொடிய நோய் பற்றியது. தாயும் உறவினரும் அவரைத் தொட்டில் கட்டிச் சுமந்து, மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் கொண்டு போனார்கள். அங்கே அவர் கடலுக்குள் இறங்கினார். தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அழுதுகொண்டு கரையில் நின்ற தாய்க்கு மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20இல், அதாவது 1833 மார்ச் தொடக்கத்தில், அவர் கடலிலிருந்து எழுந்து வந்தார்.

கடலுக்குள் நாராயணரிடம் விஞ்சை பெற்று வைகுண்டராய் அவதரித்தார் என்பது அகிலத்திரட்டு அம்மானை உரைக்கும் உண்மை. வீட்டுக்கு அழைத்த தாயிடம், இனித் தான் அவருடைய முத்துக்குட்டி அல்ல என்று உணர்த்திவிட்டு நடந்தார். ஊரார் அச்சத்தால் வைத்த பெயரை அந்தக் கடற்கரையிலேயே விட்டுவிட்டார்.

தவமும் பயம் தீர்த்தலும்

ஊர் திரும்பிய அய்யா ஆறு ஆண்டுத் தவத்தில் அமர்ந்தார். முதல் இரண்டாண்டு ஆறடிக் குழிக்குள் நின்று, அடுத்த இரண்டாண்டு தரையில் இருந்து, கடைசி இரண்டாண்டு பீடத்தில் அமர்ந்து. குழியிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து பீடத்துக்கும் ஏறிய அந்தத் தவத்தைப் பார்த்த எளிய மக்கள், தங்கள் வாழ்வும் இப்படி ஏறும் என்று கண்டுகொண்டார்கள்.

அவர்களைப் பிடித்திருந்த முதல் பயம் பேய்ப்பயம். ஆடு வெட்டாவிட்டால் அழித்துவிடும், கோழி கொடுக்காவிட்டால் பிள்ளையைப் பிடிக்கும் என்று அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவன்கூடக் கடன் வாங்கிப் பலி கொடுத்தான். மந்திரவாதிக்கு ஒரு கூலி, பூசாரிக்கு ஒரு கூலி. வரி போக மிஞ்சியதைப் பயம் தின்றது. அய்யா பலியை நிறுத்தினார். காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்றார். நோயென்று வந்தவர்களுக்குத் தண்ணீரும் மண்ணும் கொடுத்தார், ஒரு சக்கரமும் வாங்கவில்லை.

ஒரு வீட்டில் பலி நின்றால் அந்த வீட்டின் ஆடு அந்த வீட்டிலேயே நின்றது. சிறு செய்திபோல் தோன்றும். ஆனால் தன் பொருள் தன் பிள்ளைக்கு என்று ஓர் ஏழை முதன்முதலாக முடிவெடுத்தது அங்கேதான்.

சிறையும் ஒரு கையெழுத்தும்

கூட்டம் பெருகியதும் அரசுக்குச் செய்தி போனது. அப்போது ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. அய்யாவைப் பிடித்துச் சுசீந்திரம் வழியாகத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். புலிக்கு முன் விட்டதையும், மிளகாய்ப் புகையில் அடைத்ததையும், எதுவும் அவரைத் தொடாததையும் ஏட்டில் கேட்டு உருகுகிறோம்.

அந்தத் துன்பங்கள் முடிந்தபின் வந்த சோதனையையும் நாம் மறக்கக்கூடாது. விடுதலை செய்கிறோம், ஆனால் தம் சாதியாரோடு மட்டுமே இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஓர் ஓலையில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வெளியே காத்திருந்த மக்களிடம் உடனே போயிருக்கலாம். அய்யா மறுத்துவிட்டார். பதினெட்டுச் சாதியும் ஒரே பந்தியில் என்று வந்தவர், விடுதலைக்காக அதை விற்கவில்லை. குறித்த நாள் வந்தபோது தாமாகவே வெளியே வந்தார் என்பது வரலாறு. 110 நாள் சிறை முடிந்து, கொல்லம் 1014 மாசியில், மக்கள் அவரை வாகனத்தில் சுமந்து சாமிதோப்புக்குக் கொண்டு வந்தார்கள். மாசி 20 அவதாரத் திருநாளுக்கு இன்று நாம் நடத்தும் ஊர்வலத்தில் நடக்கும்போது, எதை மறுத்தவரின் பின்னே நடக்கிறோம் என்பதையும் நினைக்க வேண்டும்.

துவையல் தவசு

இனி வருவதுதான் நம் முன்னோர் செய்த பங்கு. இதுவரை தவம் செய்தவர் அய்யா. இப்போது மக்கள் செய்ய வேண்டும் என்றார்.

எழுநூறு குடும்பத்தார் கடற்கரையில் உள்ள வாகைப்பதிக்குப் புறப்பட்டார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டுப் போனார்கள். பனையேறும் காலத்தில் பனையை விட்டுவிட்டுக் கடலில் போய்த் துணி துவைக்கிறார்களாம் என்று ஊரார் சிரித்திருப்பார்கள். யாரும் அவர்களைக் கட்டிப்போட்டு அழைத்துப் போகவில்லை. நடந்து போனவர்கள் தங்கள் காலால் நடந்தார்கள். திரும்ப நினைத்தால் வழி திறந்தே கிடந்தது.

அங்கே செய்தது என்ன? நாள்தோறும் மூன்று வேளை கடலில் குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்தார்கள். ஒரே ஒரு வேளை, பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த உணவை உண்டார்கள். மீனும் ஊனும் விலக்கினார்கள். உறக்கத்தைக் குறைத்து நாராயணர் நாமத்தைப் பாடினார்கள். வாகைப்பதிக்குப் பின் முட்டப்பதிக் கடற்கரையிலும் அந்தத் தவசு தொடர்ந்தது.

கடுமையான வாழ்வு அது. உப்புக்காற்று, வெயில், ஒருவேளைச் சோறு. ஆனாலும் அவர்கள் அதற்கு முன்பும் பட்டினி கிடந்தவர்கள்தான், வெயிலில் காய்ந்தவர்கள்தான். அந்தப் பட்டினியை வரிகேட்டு வந்தவன் கொடுத்தான். இந்த நோன்பை அவர்களே எடுத்தார்கள். பட்டினி மனிதனை வளைக்கும், தானே எடுத்த நோன்பு நிமிர்த்தும். வயிற்றுக்குள் கிடப்பது ஒரே அளவு சோறாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். தீண்டாதே, அருகில் வராதே, அழுக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த மக்கள் அவர்கள். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல அவர்களிடம் படையில்லை, சாத்திரமில்லை. கடல் இருந்தது, கை இருந்தது. ஒரு நாளைக்கு மூன்றுமுறை உடம்பையும் துணியையும் துவைத்தபோது, அந்த ஈனச்சொல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் நெஞ்சிலிருந்து வெளுத்துப் போனது. மேலே இருப்பவனிடம் நான் சுத்தமானவனா என்று கேட்கும் வழக்கம் அங்கே முடிந்தது.

தவசு முடித்துத் திரும்பியவர்களைத் துவையல் பண்டாரங்கள் என்று ஊர் அழைத்தது. போனவர்கள் பனையேறிகள், வந்தவர்கள் ஊருக்கு நெறி சொல்பவர்கள். ஊர் ஊராய்ச் சென்று தூய்மையும் தர்மமும் உரைத்தார்கள். அய்யா இருந்த நாளிலேயே நிழல் தாங்கல்கள் எழுந்தன.

பாகை, கிணறு, கண்ணாடி

துவையலில் கற்றதை நாள்தோறும் வாழ அய்யா மூன்று அடையாளங்களைத் தந்தார். முதலாவது தலைப்பாகை. எந்தத் தலையில் துணி இருக்கக்கூடாது என்றார்களோ அந்தத் தலையில் பாகை கட்டிக்கொண்டு பதிக்கு வரச் சொன்னார். இன்றும் ஆண்கள் பாகையோடுதான் பணிவிடைக்கு நிற்கிறோம். இரண்டாவது முத்திரிக்கிணறு. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் குளித்து, அதையே பருகி, ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். மூன்றாவது பள்ளியறைக் கண்ணாடி. சிலையைத் தேடி வந்தவன் அங்கே திருநாமம் இட்ட தன் முகத்தையே கண்டான். இறைவன் உறையும் இடம் நீயே என்று யாரும் வாயால் சொல்லாமலேயே அந்தக் கண்ணாடி சொல்கிறது.

பெண்கள் மேலாடை உடுத்தலாம் என்று திருவிதாங்கூர் அரசு விளம்பரம் செய்தது 1859இல். அதிலும் மேல்சாதியார் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்று ஒரு முடிச்சு வைத்தது. அய்யா வைகுண்டம் அடைந்தது கொல்லம் 1026 வைகாசி 21, அதாவது 1851 ஜூனில். அரசின் விளம்பரம் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே அவர் திருமேனி மறைந்துவிட்டது. ஆனால் மக்கள் அந்த விளம்பரத்துக்காகத் தலைகுனிந்து காத்திருக்கவில்லை. சட்டம் நாட்டுக்கு வருவதற்குள் மானம் வீட்டுக்கு வந்துவிட்டது. சட்டத்துக்காகப் போராடியவர்களின் கால்களில் வலுவைச் சேர்த்ததும் அந்த மானமே.

இன்று நம் வீட்டில்

அன்புக்கொடி மக்களே, இன்று நம் தலைக்கு வரியில்லை, தோளுக்குத் தடையில்லை. ஆனாலும் என் வாழ்வு என் கையில் இல்லை என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயவில்லை. சம்பளத்தைக் குடிக்குக் கொடுத்துவிட்டு நேரம் சரியில்லை என்கிறோம். ஊர் என்ன சொல்லுமோ என்று கடன் வாங்கிக் கல்யாணம் செய்துவிட்டு விதி என்கிறோம். பரிகாரம், தோஷம் என்று பயத்துக்குக் கூலி கொடுப்பது வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

எல்லாத் துன்பமும் நம்மால் வந்ததல்ல. நம் முன்னோரின் துன்பமும் அவர்களால் வந்ததல்ல. அது அய்யாவுக்குத் தெரியும். ஆனால் துன்பம் யாரால் வந்தாலும், அடுத்த அடியை எடுத்து வைக்கும் கால் நம்முடையது என்று காட்டவே அவர் மக்களைக் கடற்கரைக்கு அனுப்பினார்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துவையல் வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு பழக்கத்தை விடுவது, ஒரு பயத்துக்குக் கூலி கொடுப்பதை நிறுத்துவது, பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு வேளை உண்பது, அன்னதர்மத்துக்கு ஒரு படி அரிசி எடுத்து வைப்பது. எதுவானாலும் நாமே தேர்ந்து, நாள் தவறாமல் செய்ய வேண்டும். எழுநூறு குடும்பத்தாரும் ஒரே நாளில் மாறவில்லை. நாளுக்கு மூன்றுமுறை துவைத்தார்கள்.

வரும் ஞாயிறு பதிக்கோ தாங்கலுக்கோ போகும்போது பாகையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் சற்று நில்லுங்கள். திருநாமம் இட்ட அந்த முகத்துக்கு என்ன வாழ்வு தரப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு வீடு திரும்புங்கள். மற்றதை அய்யா பார்த்துக்கொள்வார்.

அய்யா உண்டு.