இதயச் சுவரில் துளை இல்லை என்ற இமாம் இப்னுன் நஃபீஸ் (ரஹ்)

கல்பின் நோய்களைப் பற்றி மிம்பரில் அடிக்கடி பேசுகிறோம். அந்த கல்பின் சதைச் சுவரைப் பற்றிப் பேசிய ஒரு ஆலிமை இன்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே வலப்பக்க ரத்தம் இடப்பக்கம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னார். அரபுக் கிதாபுகளில் ஜாலீனூஸ் என்று வருபவர் இவர்தான். ஆரணிக்காரர்களான உங்களுக்குச் சொல்வதென்றால், பட்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளுக்கு நடுவே ஒளி கசிகிறதே, அதைப் போல. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலகம் இதை நம்பியது. இப்னு ஸீனாவும் இதற்கு விலக்கல்ல.

டமாஸ்கஸ் பகுதியில் ஏறத்தாழ 1213இல் பிறந்த அலாவுத்தீன் இப்னுன் நஃபீஸ் அங்குள்ள நூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்று, பிறகு கெய்ரோ சென்றார்கள். ஷாஃபிஈ ஃபிக்ஹிலும் தேர்ந்தவர்கள். மஸ்ரூரிய்யா மதரஸாவில் பாடம் நடத்தினார்கள். சுமார் 30 வயதில், இப்னு ஸீனாவின் கானூன் நூலிலுள்ள உடற்கூறுப் பகுதிக்கு ஷரஹ் எழுதினார்கள். ஷரஹ் கிதாபு ஓதியவர்களுக்குத் தெரியும், மூல ஆசிரியரை மறுத்து எழுதுவது லேசான காரியமல்ல. அதில்தான் எழுதினார்கள்: அந்தச் சுவர் கெட்டியானது; கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. ரத்தம் வலது அறையிலிருந்து நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, இடது அறைக்குத் திரும்புகிறது.

இன்று ஒரு குழந்தையின் இதயச் சுவரில் ஓட்டை என்று டாக்டர் சொன்னால் நாம் பதறுகிறோம். அன்று அதுவே இயல்பு என்று பாடம் நடந்தது!

அவர் உடலை அறுத்துப் பார்த்தே கண்டுபிடித்தார் என்று பேசுபவர்கள் நம்மில் உண்டு. பேணுதல் வேண்டும் சகோதரர்களே. ஷரீஅத்தும் தம் இரக்கமும் அதைத் தடுத்தன என்று அவர்களே முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் 1553இல் ஸெர்வெட்டஸ் இதே கருத்தை எழுதினார். நம் இமாமின் ஷரஹோ கவனிப்பாரின்றிக் கிடந்து, 1924இல்தான் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார்.

கடைசி நோயின்போது, மருந்தாக மது அருந்தும்படி மருத்துவ நண்பர்கள் சொன்னார்கள். வயிற்றில் மதுவோடு ரப்பைச் சந்திக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். வீட்டையும் கிதாபுகளையும் மன்ஸூரி மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு, ஹிஜ்ரி 687 துல்கஃதாவில், ஒரு வெள்ளிக்கிழமை வஃபாத்தானார்கள்.