பாட்டிலுக்குள் ஆழ்கடல்: வினோகிராட்ஸ்கியின் கதை

1977இல் கலாபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு 'ஆல்வின்' நீர்மூழ்கி இறங்கியது. வெயில் எட்டவே எட்டாத இருட்டு. ஆனா அங்கே வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி சிப்பிகள், நண்டுகள், ஆள் உயரக் குழாய்ப்புழுக்கள்னு ஒரு ஊரே இருந்தது! செடி இல்லை, பாசி இல்லை. அப்போ சாப்பாடு? இதுக்கான விடையை 90 வருஷம் முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சு வெச்சிருந்தார்.

அவர் பெயர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1856இல் கீவ் நகரத்தில் பிறந்தவர். முதலில் சட்டம் படிக்கப் போனார், பிடிக்கலை. அறிவியலுக்கு மாறினார். அதையும் விட்டுட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியானோ கத்துக்கிட்டார். பிறகு மறுபடியும் அறிவியல். டிபார்ட்மென்ட் மாறி மாறிக் குழம்புற நம்ம ஆளுங்களுக்கு இவர் ஒரு ஆறுதல்தான்!

1885இல் ஸ்ட்ராஸ்பர்க் போய் டி பாரியின் லேபில் சேர்ந்தார். கந்தக ஊற்றுகளில் நூல் நூலா வளரும் பெகியட்டோவா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கிட்டார். அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடை இதுதான் உண்டாக்குதுனு அப்போ பலர் நினைச்சாங்க. இவர் அதை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் உயிரோடு வெச்சுப் பொறுமையா கவனிச்சார். சல்பைடு கலந்த தண்ணி விட்டா, உள்ளே கந்தக மணிகள் நிறையும். நிறுத்தினா, மணிகள் கரைஞ்சுபோகும், பட்டினி கிடக்கும். அதாவது பெகியட்டோவா அந்த வாயுவை உண்டாக்கலை, ஆக்சிஜனோடு சேர்த்து எரிச்சு சக்தி எடுக்குது. 1887இல் இதை வெளியிட்டார். 1890 வாக்கில், ஜூரிச்சில், அமோனியாவை எரிச்சு வாழும் பாக்டீரியாக்கள் கரியமில வாயுவிலிருந்தே உடம்பைக் கட்டிக்குதுனும் காட்டினார். வெளிச்சம் இல்லாமலே உணவு தயாரிக்கலாம். இதுதான் வேதிச்சேர்க்கை.

இவ்வளவு சாதிச்சவர், ஐம்பது வயசை ஒட்டி ஆராய்ச்சியை விட்டு விலகி உக்ரைனில் இருந்த தன் பண்ணைக்குப் போயிட்டார். ரஷ்யப் புரட்சியில் எல்லாம் போச்சு. நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாச்சு. 1922இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் கூப்பிட்டது. வேற யாரா இருந்தாலும் ரிட்டயர் ஆகியிருக்கும் வயசு. இவர் மண் நுண்ணுயிர்களை வெச்சு புதுசா தொடங்கினார். 1949இல், 90 வயசைத் தாண்டி, தன் வாழ்நாள் ஆராய்ச்சியைப் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். 1953இல் காலமானார். ஆல்வின் கலாபகோஸில் இறங்க இன்னும் 24 வருஷம் இருந்தது.

அந்தக் குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அதன் ரத்தம் ஊற்றிலிருந்து சல்பைடையும், கடல்நீரிலிருந்து ஆக்சிஜனையும் சுமந்துபோய், உடம்புக்குள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கொடுக்குது. அவை சமைக்குது, புழு சாப்பிடுது. சமையல் முறை வினோகிராட்ஸ்கி சொன்ன அதேதான். ஒரு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க: அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் பச்சைத் தாவரங்களும் பாசிகளும் விட்டது. அதனால சூரியனோடு உறவு முழுசா அறுந்துடலை.

அவர் பெயரிலேயே ஒரு சோதனை இருக்கு. குளத்துச் சேறு, கொஞ்சம் கிழிச்ச பேப்பர், முட்டை மஞ்சள் கரு, குளத்துத் தண்ணி. ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, ஜன்னலோரம் வெச்சுடுங்க. சில வாரத்தில் கறுப்பு, பச்சை, ஊதானு அடுக்கடுக்கா நிறம் வரும். ஒவ்வொரு நிறமும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம். ரூம்மேட்கிட்ட மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, நாத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்!