யார் இந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி? முட்டை வடிவ செயின் வீலுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

வேளச்சேரியிலிருந்து ஞாயிறு காலை ஈ.சி.ஆர். வரை சைக்கிள் மிதிப்பவர்கள், வட்டமான செயின் வீலைக் கழற்றிவிட்டு முட்டை வடிவத்தில் ஒன்றை மாட்டலாமா என்று யோசிப்பதுண்டு. அந்தக் கேள்வி வருவதற்கு முதலில் சைக்கிளில் செயின் இருக்க வேண்டுமே! அதை ஊரறியச் செய்தவர் ஸ்டார்லி.

1854-ல் இங்கிலாந்தின் வால்தம்ஸ்டோவில் ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தார். 1872-ல் கவென்ட்ரிக்குப் போய், சைக்கிள் தயாரித்துவந்த சித்தப்பா ஜேம்ஸ் ஸ்டார்லியிடம் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் வில்லியம் சட்டனுடன் சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கினார்.

அப்போதைய சைக்கிள் ஓர் ஆபத்து. பெடல் நேராக முன்சக்கரத்திலேயே இருக்கும். ஒரு மிதிக்கு ஒரு சுற்றுதான். வேகம் வேணும்னா சக்கரத்தைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். ஓட்டுபவர் ஆள் உயரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பார். ஒரு கல் தட்டினால் போதும், தலைகுப்புற விழுவார். கை உடைந்தவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. பெண்களும் வயதானவர்களும் அதைத் தொடவே யோசித்தார்கள்.

1885-ல் வந்த ஸ்டார்லியின் ரோவர் இதை மாற்றியது. பெடல் நடுவில், செயின் வழியாக இயங்குவது பின்சக்கரம். முன்னால் 44 பல், பின்னால் 22 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு முறை சுற்றும். சக்கரம் சின்னதாகலாம், கால் தரையைத் தொடலாம். செயின் யோசனை அவருடையது மட்டுமல்ல. ஹென்றி லாசன் 1879-லேயே முயன்றிருந்தார். ஆனால் மக்கள் வாங்கியது ரோவரைத்தான். அதே ஆண்டு ஒரு பந்தயத்தில் ரோவர் 100 மைலை சுமார் 7 மணி நேரத்தில் கடந்தது. கேலி செய்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

அப்புறம்தான் முட்டை வடிவம். பெடல் நேர் மேலும் கீழுமாக நிற்கும்போது கால் எவ்வளவு அழுத்தினாலும் வேலை நடக்காது. அந்த இடத்தில் வீல் சின்னதாகவும், கால் நன்றாக அழுத்தும் இடத்தில் பெரிதாகவும் இருந்தால் என்ன என்று 1890-களிலேயே முயன்றார்கள். 1983-ல் ஷிமானோவின் பயோபேஸ் கிட்டத்தட்ட இதைத் தலைகீழாகச் செய்தது. பத்து ஆண்டுக்குள் காணாமல்போனது. 2012-ல் பிராட்லி விக்கின்ஸ் வட்டமில்லாத வீலுடன் டூர் டி பிரான்ஸ் ஜெயித்ததும் பேச்சு மறுபடி கிளம்பியது. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. லாபம் இருந்தாலும் கொஞ்சம்தான். முன்பக்க கியர் மாறும்போது தகராறு செய்யவும் வாய்ப்புண்டு. மேம்பாலத்தைத் தவிர ஏற்றமே இல்லாத வேளச்சேரிக்கு, அந்தக் காசில் நல்ல டயர் வாங்குவது மேல்.

ஸ்டார்லி இந்தச் சண்டைக்குள் போகவில்லை. 1888-ல் மின்சார மூன்று சக்கர வண்டியைச் சோதித்துப் பார்த்தார் (ஆமாம், அப்பவே!). 1901 அக்டோபரில், 46 வயதில் திடீரென இறந்தார். நிறுவனம் கார் தயாரிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெயர் சென்னைக்கும் வந்தது, வேறு உருவத்தில். முதல் ரோவர் சைக்கிளுக்குச் சரியாக 100 ஆண்டு கழித்து, 1985-ல், தாம்பரம் தாண்டியுள்ள பெருங்களத்தூரில் ரோவர் எஸ்.டி.1 காரை ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று தயாரித்தார்கள். வெளியே புது உடம்பு, உள்ளே பழைய இன்ஜின். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது.