காட்டுமுள்ளங்கிக்குப் பெயர் தேடிய டாக்டர்

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் மாடு வேண்டும் என்று மட்டும் கேட்டால் சிரிப்பார்கள். காங்கேயம் மாடா? அதிலும் மயிலையா, செவலையா, காரியா? இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செடிகளுக்கும் அப்படித்தான். பேரினத்துக்கு ஒரு பெயர். அதற்குள் இனத்துக்கு ஒரு பெயர். நம் காட்டோரச் செடிகள் பலவற்றுக்கு இந்த இரட்டைப் பெயர் கிடைக்கப் பாடுபட்டவர் டாக்டர் ராபர்ட் வைட்.

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக இங்கு வந்தார். வைத்தியம் பிழைப்பு, செடிதான் உயிர்! 1826-ல் செடிகொடிகளை ஆராயும் உத்தியோகம் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் கம்பெனி அந்த உத்தியோகத்தையே ஒழித்துவிட்டது. நாகப்பட்டினத்துக்குப் பட்டாள டாக்டராகப் போனார். அங்கும் செடி சேகரிப்பதை விடவில்லை. 1831-ல் விடுமுறையில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுபோன உலர்ந்த செடிகள் சுமார் ஒரு லட்சம். எடை 2 டன்!

அவற்றில் பெரிய தலைவலி சூரியகாந்திக் குடும்பம். அதில் ஒரு பூ என்று நாம் பறிப்பது, உண்மையில் பொடிப்பொடிப் பூக்களின் கூட்டம். செடிக்குச் செடி வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். வைட் வீம்பு பிடிக்கவில்லை. இதில் கரைகண்ட ஜெனீவா அறிஞர் டி கண்டோலிடம் செடிகளை ஒப்படைத்தார்.

டி கண்டோல் 1833-ல் புளூமியா என்ற புதுப் பேரினத்தை வகுத்தார். ஜாவாத் தீவின் செடிகளை ஆராய்ந்த புளூம் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. மறு வருஷம் வைட் வெளியிட்ட நூலில், நம் காட்டுமுள்ளங்கி புளூமியா லாசெரா ஆயிற்று. லாசெரா என்றால் கிழிந்தது என்று பொருள். இலையைப் பார்த்தால் விளங்கும். இன்னொரு செடிக்கு வைட்டின் பெயரே கிடைத்தது: புளூமியா வைட்டியானா.

1842-ல் வைட் கோயமுத்தூருக்கு வந்தார். அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைக்கு அதிகாரி. பருத்தி எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. ஆனால், செடிப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. 1838 முதல் 1853 வரை அச்சான படங்கள் 2,101. வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று ஓவியரின் பெயரையே வைத்தார் வைட். கம்பெனி அதிகாரி ஒருவர் அந்தக் காலத்தில் இப்படிச் செய்தது லேசான காரியமா?

1853-ல் தாயகம் திரும்பிய வைட், 1872-ல் காலமானார்.

செடி உலகில் ஒரு சட்டம் உண்டு: முந்திய பெயருக்கே முதலிடம். வைட்டியானா என்ற செடி, பிரெஞ்சு அறிஞர் லாமார்க் முன்பே வேறு பெயரில் எழுதிவைத்த செடிதான் என்று பிற்காலத்தார் கண்டார்கள். வைட்டின் பெயர் போயிற்று. கோவிந்தூயாவும் வேறொரு பேரினத்தோடு சேர்ந்துவிட்டது.

காட்டுமுள்ளங்கி மட்டும் இன்றும் புளூமியா லாசெராதான். வரப்போரம் நிற்கிறது; இலையைக் கசக்கினால் நெடி மூக்கைத் துளைக்கும்!