மலையருவியில் ஒளி கண்டவர்

மின்விளக்கு என்றதும் எடிசனின் பெயரே நம் நினைவுக்கு வருகிறது. நெடுநேரம் எரியும் விளக்கை 1879 ஆம் ஆண்டில் அவர் எரித்துக் காட்டினார். விளக்கு மட்டும் போதாது, அதற்கு மின்சாரம் ஊட்டும் நிலையமும் வேண்டும் என உணர்ந்து, 1882 இல் நியூயோர்க் நகரில் அதனையும் நிறுவினார். அந்நிலையம் நிலக்கரியால் இயங்கியது. நிலக்கரிச் சுரங்கம் இல்லாத இலங்கைக்கு வழி என்ன? இவ்வினாவுக்கு விடை கண்டவர் டி. ஜே. விமலசுரேந்திர.

1874 இல் காலியிற் பிறந்த அன்னார், பொறியியலாளராகி அரசாங்கப் பொதுவேலைப் பகுதியிற் பணி புரிந்தார். மலைநாட்டு அருவிகள் அவர் கண்ணுக்கு வெறும் அழகாகத் தோன்றவில்லை. உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் மின்யந்திரத்தை இயக்கும். மழை உள்ளளவும் இந்த எரிபொருள் தீராது. 1912 இல் நானுஓயாவுக்கு அருகே பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து, நுவரெலியாவுக்கு ஒளி தந்தார்.

1918 இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலிய ஓயா ஆகியவற்றின் நீரைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் வழங்கலாம் எனக் கணக்கிட்டுக் காட்டினார். அன்றைய ஆட்சி அதில் ஊக்கங் காட்டவில்லை. பின்னர் தொடங்கிய லக்சபான வேலையும் இடைநடுவில் நின்றது. அவரோ சோர்ந்தாரில்லை. 1931 இல் இரத்தினபுரி மக்களின் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்து, அங்கும் அதற்காகவே வாதாடினார். 1950 இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கிற்று. கட்டுரைக்கும் ஒளிக்கும் இடையே 32 ஆண்டுகள்!

ஊவாவின் ஸ்பிரிங்வெளியிலே குப்பி விளக்கின் புகையிற் படித்தவன் நான். மலையில் விழுந்த நீர் மின்சாரமாகித் தலைநகரை அடைந்த பின்னரும், மலையகத்து லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஆதலின் அன்னாரின் சரிதையை எண்ணுந்தோறும் எனக்கு ஓர் உண்மை புலனாகிறது: ஒளியைப் படைப்பது ஒரு சாதனை, அதனைக் கடைசி வாசல் வரை கொண்டு சேர்ப்பது மற்றொரு சாதனை. பின்னதற்கு அறிவோடு அயராத பொறுமையும் வேண்டும்.

1953 இல் அவர் மறைந்தார். 1965 இல் இயங்கத் தொடங்கிய நோர்ட்டன் பிரிட்ஜ் மின்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாணவர்கள் எடிசனைப் போற்றட்டும். நம் அருவிகளுக்கு வேலை தந்த இப்பெரியாரையும் மறவாதிருக்கட்டும்.