பால்மரமும் ரிட்லி துரையும்

சுங்கை சிப்புட்டில் நம்மவர் கடைகளுக்கு ஒரு காலத்தில் வாடிக்கை தந்தவை பால்மரத் தோட்டங்கள் என்பது நாமறிந்ததே. அம்மரத்தை மலாயாவில் நிலைபெறச் செய்தவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. 1855-ல் இங்கிலாந்தில் பிறந்த அன்னார், 1888-ல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்து சேர்ந்தார்.

பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் 1877-லேயே சிங்கப்பூருக்கு வந்திருந்தன. சில நம் பக்கத்துக் கோலகங்சாரிலும் நடப்பட்டன. ஆயினும், காப்பியில் கைதேர்ந்த தோட்டத் துரைமார், இது ஆதாயப் பயிராகாதென்று தள்ளிவிட்டனர். மரத்தைக் கொத்திப் பாலெடுப்பதே அந்நாளைய வழக்கம். காயம்பட்ட மரம் நலிந்துபோகும்.

ரிட்லியோ பிறர் சொல்லோடு நில்லாமல், மரத்தடியில் நின்று தாமே சோதித்தார். உள்மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் பால் கூடுவதைக் கண்டார். சீவிய பட்டையும் மீண்டும் வளர்ந்தது. சட்டைப்பையில் விதைகளுடன் தோட்டக்காரர்களைத் தேடிச் சென்றார். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் கட்டினார்கள். 1896-ல் மலாக்காவின் டான் சே யான் தம் முதலைப் போட்டுத் துணிந்து பயிரிட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகி விலையேறவே, காப்பித் தோட்டங்களே பால்மரத் தோட்டங்களாயின.

நூறு வயது கண்ட ரிட்லி 1956-ல் மறைந்தார். ஊரே ஆகாதென்று ஒதுக்கும் சரக்கையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதித்த பின்னரே முடிவு கட்டவேண்டும் என்பதை வணிகராகிய நாம் அன்னாரிடம் கற்போமாக.