சேலம் விஜயராகவாச்சாரியார்

செங்கற்பட்டுச் சீமையில் உள்ள பொன்விளைந்தகளத்தூரில் 1852-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் விஜயராகவாச்சாரியார் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1875-இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் சென்னையிலும் மங்களூரிலும் பணியாற்றியபின், சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். அங்கிருந்தபோதே, வகுப்புக்குச் செல்லாமல் சட்ட நூல்களைத் தாமே கற்று 1881-இல் வழக்கறிஞரானார். நகராட்சி மன்ற உறுப்பினர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1882-இல் சேலத்தில் மூண்ட கலவரத்தில் பள்ளிவாசல் ஒன்று இடிக்கப்பட்டது. அக்கலவரத்தைத் தூண்டியவர் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பிறருக்காக வாதாட வேண்டியவர் தாமே குற்றவாளிக் கூண்டில் நின்றார். பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது.

கண்ணகியின் கதையை நாம் அறிவோம். கொடுங்கல்லூர்க் கோயிலில் உறைபவள் அவளே என்று கூறும் மரபும் உண்டு. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்லப் பணித்தான் பாண்டியன். சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்த்ததோ அவன் இறந்த பின்னர். சான்றினை ஆராயாது தீர்ப்பளித்தால் நேர்வது அதுவே.

கோவலனுக்கு இல்லாத துணை விஜயராகவாச்சாரியாருக்கு இருந்தது. அன்று நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டப்படி, குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவரையே சார்ந்திருந்தது. எதிர்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, அவர் கூறுவது மெய்யா பொய்யா என்று சோதிக்க முடிந்தது. காவல் அதிகாரியிடம் ஒருவர் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு அவர் குற்றத்தை மெய்ப்பிக்க இயலாதிருந்தது. அடித்தும் அச்சுறுத்தியும் வாக்குமூலம் பெற்ற காலத்தில் இஃது எளிய காவலன்று.

தண்டனையை எதிர்த்து அவர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். வேறொருவராயின் அத்துடன் அமைதியாக வீடு திரும்பியிருப்பார். அவரோ, நகராட்சி மன்றத்திலிருந்து தம்மை நீக்கியது தவறென்று அரசின்மீதே வழக்குத் தொடுத்து, நூறு ரூபாய் இழப்பீடு பெற்றார். தொகை சிறிதுதான், ஆனால் அதனைக் கொடுத்தது ஆங்கில அரசு! அதே கலவரத்திற்காகச் சிறைப்பட்டிருந்த மற்றவர்களையும் அவர் மறக்கவில்லை. அவர்களுக்காக வைசிராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு, அவர்களின் விடுதலைக்கும் வழி செய்தார்.

மக்கள் அவரைச் சேலத்து வீரர் என்று போற்றினர். 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் காலமானார். சேலத்தில் அவர் பெயரால் நினைவு நூலகமும் சொற்பொழிவு மன்றமும் அமைக்கப்பட்டன.